பனிச்சறுக்கும் இறக்கத்தின் உழைப்பும்

காஷ்மீரின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பருவம் பெரும்பாலும் டிசம்பர் பிற்பகுதியில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரிலிருந்து, கொண்டோலா எனப்படும் கம்பிவடப் பெட்டி இரண்டு கட்டங்களாக அபர்வத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரம் வரை பயணிகளை ஏற்றிவிடுகிறது. ஏறும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்வதால், சறுக்கி இறங்குவதற்குப் பெரிய உடல்வலிமை தேவையில்லை என்று புதியவர்கள் எண்ணிவிடுகின்றனர். ஆனால் இவ்விளையாட்டில் உடல் செய்யும் உழைப்பு முழுவதும் இறக்கத்தில்தான் இருக்கிறது.

சறுக்குபவர் முழங்காலைச் சற்று மடித்தபடியே சரிவில் இறங்கும்போது, தொடையின் முன்புறத்திலுள்ள நாற்தலைத் தசை, உடலின் எடையையும் ஒவ்வொரு திருப்பத்திலும் கூடுகிற விசையையும் தாங்கி, நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தசை இவ்வாறு நீளும்போதே விசை கொடுப்பதை உடற்பயிற்சியியலில் ‘எக்சென்ட்ரிக்’ இயக்கம் என்பர். இதற்குப் பழகாத தசையின் நுண்ணிழைகள் சிதைவுறுவதால், மறுநாள் தலைகாட்டும் வலி இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை அடைகிறது. சைக்கிள் மிதிப்பதில் இவ்வியக்கம் மிகக் குறைவு என்பதால், நாள்தோறும் மிதித்து மூச்சுத்திறனை வளர்த்துக்கொண்டவருக்கும் முதல் நாள் சறுக்கலுக்குப் பின் தொடைகள் கடுமையாக வலிக்கக்கூடும்.

ஆகவே பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே கால்களை இறக்கத்துக்குப் பழக்குவது நல்லது. நம்மவர்கள் பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணமே இதற்கு ஏற்ற பயிற்சிதான். அமர்வதற்கு மூன்று நான்கு நொடி எடுத்துக்கொண்டு, எழுவதை இயல்பான வேகத்தில் செய்தால் போதும். தாழ்வான படியில் ஒற்றைக்காலில் நின்று மறுகாலை மெல்லத் தரைக்கு இறக்குவதும், சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் அமர்ந்ததுபோல் நிலைத்திருப்பதும் இவற்றோடு சேரலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவே ஓய்வு விட்டுச் செய்வதே முறை. மிதமான அளவில் ஒருமுறை இவ்வுழைப்பைக் கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே உழைப்பால் முன்போல் சிதைவதில்லை என்பது இப்பயிற்சிக்குக் கிடைக்கும் பெரும் ஆதாயம்.

முழங்காலுக்குத் தனிக் கவனம் தேவை. விழும்போது காலணியைச் சறுக்குப் பலகையிலிருந்து விடுவிக்கும் பூட்டு கணைக்கால் எலும்பு முறிவைப் பெரிதும் குறைத்திருக்கிறது. ஆனால் தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலுக்குள் பிணைக்கும், மருத்துவர்கள் ஏ.சி.எல். என்று சுருக்கிச் சொல்லும் முன்குறுக்குத் தசைநாரை அது அவ்வாறு காப்பதில்லை. சறுக்குபவர் பின்பக்கம் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே தாழ்ந்துவிட்ட நிலையில், பலகையின் வால்பகுதி பனியில் சிக்கி நெம்புகோலாக மாறி முழங்காலை முறுக்கும்போது அந்நார் கிழிகிறது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அபாய நிலையை அடையாளம் காணவும், நழுவிக்கொண்டிருக்கும்போதே எழ முயலாதிருக்கவும் கற்பிக்கப்பட்ட பயிற்றுநர்களிடமும் மீட்புக் காவலர்களிடமும் கடுமையான முழங்கால் சுளுக்குகள் 62 விழுக்காடு குறைந்தன. தொடையின் பின்தசைகள் கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் பின்னிழுத்து அந்நாருக்குத் துணைநிற்பதால், முன்தொடையை மட்டும் வலுப்படுத்திவிட்டுப் பின்தொடையைக் கைவிடுவது பெரும் பிழையாகும்.

எந்தப் பயிற்சியாலும் வெல்ல இயலாதது உயரம். அபர்வத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடே என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடற்கட்டு மிக்கவரையும் மலைநோய் தாக்கும். முதல் ஓரிரு நாட்களைக் குல்மார்க்கிலேயே தாழ்ந்த சரிவுகளில் கழித்து உடலைப் பழக்கிய பிறகே மேலே செல்வது நல்லது. இதய நோயோ பழைய முழங்கால் காயமோ உள்ளவர்கள் ஊரிலிருந்து புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே சென்றபின் தலைவலியும் குமட்டலும் தோன்றினால், அன்றைய சறுக்கலை அத்துடன் நிறுத்திவிட்டு உடனே கீழிறங்க வேண்டும்.