கோடைக்காலத்தில் சங்கத் தோட்டத்தைப் பேணும் முறை

திருமங்கலம் வட்டாரத்துக் கரிசல் பூமி பங்குனி பிறந்தவுடன் வெடிக்கத் தொடங்கும். ஈரம் அவ்வெடிப்பு வழியாகவே ஆவியாய்ப் போய்விடும். ஆகையால் பொதுத் தோட்டம் வைத்திருக்கும் சங்கத்தார், எப்பாத்திகளைக் கைவிடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். தோட்டம் முழுவதற்கும் குறை ஜலம் பாய்ச்சி யாவற்றையும் வாடவிடுவதினும், கால் பங்கு நிலத்தைக் காப்பாற்றுவது மேலாகும். மிஞ்சிய பாத்திகளில் மேல்மண்ணைக் கொத்திப் புழுதியாக்கி வெடிப்பை மூடி, மாடு தின்னாது கழித்த சோளத்தட்டையையும் சருகையும் பரப்புக.

கைவிடத்தக்கவற்றுள் முதலாவது கீரைப் பாத்தி. அதற்கு அடிக்கடி ஜலம் வேண்டும். அகத்தியும் முருங்கையும் வேர் ஊன்றியபின் கொஞ்ச ஜலத்தில் பிழைப்பவை. பெரியகுளத்திலிருந்து 1989-ல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 முருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும். செடி 75 சென்டிமீட்டர் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைகள் பெருகிப் பூவும் மிகும். முருங்கைப்பூ முழுவதையும் பறித்துவிட்டுக் காயை எதிர்பார்த்தல் கூடாதென்று சொல்லவும் வேண்டுமோ!

பூசணியின் காரியம் வேறு. கடும் வெப்பத்தில் அதில் ஆண் பூக்களே அதிகமாகப் பூக்கும். பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படின் அது பெண் பூ, அதைத் தொடலாகாது. பிஞ்சில்லாத ஆண் பூக்களைச் சமையலுக்கு எடுக்கலாம். ஆயினும் தேனீக்கள் மகரந்தம் எடுத்துச் செல்வதற்காகச் சிலவற்றைக் கொடியிலேயே விடவேண்டும். இப்பூ விடியலில் மலர்ந்து, வெயில் ஏறியதும் கூம்பிவிடுமாதலால் காலையிலேயே பறித்தல் வேண்டும். அகத்திப்பூவில் நடுவிலுள்ள கேசரத்தை நீக்கிவிட்டால் கசப்புக் குறையும்.

சங்கங்களில் மனஸ்தாபம் விளைவது பெரும்பாலும் ஜலத்தினாலேயே. வாய்க்காலின் கடைசியிலுள்ள பங்காளிக்குக் கிணறு வற்றியபிறகே முறை வருகிறது. ஒரு வாரம் கடைசியில் பாய்ச்சியவர் மறுவாரம் முதலில் பாய்ச்சட்டும். இம்முறையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொரு முறையும் கையொப்பம் வாங்குக. கடன் கணக்கில் காட்டும் கண்டிப்பை இதிலும் காட்டாத காரியதரிசியை நான் திறமைசாலி என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இந்தப் பக்கங்களில் மல்லிகைத் தோட்டங்கள் மிகுதி. அவற்றில் பூச்சிமருந்து அடிப்பது வழக்கமாதலால், காற்று வீசும் பக்கத்தில் உண்ணும் பூச்செடிகளை வைக்காமல் அகத்தியை நெருக்கமாக நட்டு அதை வேலியாக வளர்த்துக்கொள்ளலாம். அவ்வேலியின் பூவை மட்டும் சமையலுக்குப் பறிக்கலாகாது.