விலை சொல்லும் நாள்

எழுவான்கரைத் தொழில்கள்: கல்யாணப் படக்காரர்

கமெரா வாங்கிய முதல் வருடத்தில் நம்மட பொடியன்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் விலை வைக்கிறார்கள். களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ பழைய ஸ்டூடியோக்காரர் எவ்வளவு வாங்குகிறார் என்று விசாரித்து, அதில் கொஞ்சம் குறைத்துச் சொல்வது. அந்தப் பழையவரின் கமெராக் கடன் எப்போதோ தீர்ந்திருக்கும். பாஸ்போட் படம், பிரேம் என்று அவருக்கு வேறு வரும்படியும் இருக்கும். அவருடைய கணக்கு களுதாவளைப் புதியவருக்குக் கட்டாது.

கமெராவிலிருந்தே தொடங்குவோம். நிக்கோன் டி750இன் ஷட்டரை 150,000 தடவைக்குச் சோதித்திருப்பதாக அந்த நிறுவனம் சொல்கிறது. ஒரு கல்யாணத்தில் 3,000 படம் எடுப்பவருக்கு அது 50 கல்யாணம். வாங்கிய விலையை 50ஆல் பிரித்தால் வருவது, தாலி கட்டி முடிவதற்குள் செலவாகிவிடும் காசு. அதற்குப் பிறகும் கமெரா ஓடலாம். ஆனால் ஓடும் என்று நம்பி விலை சொல்லக் கூடாது. அடுத்தது நாள்கூலி. பொன்னுருக்கலுக்குப் போனதும் ஒரு நாள்தான், படம் தெரிந்து நிறம் திருத்த உட்கார்ந்ததும் நாள்தான். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. வீட்டுச் செலவுக்கு அந்த மாதங்கள் தெரியாது, ஆகவே மற்ற மாதங்களின் விலைக்குள் அவையும் அடங்க வேண்டும்.

"நம்மட புள்ளதானே, பார்த்துச் செய்யுங்க தம்பி" என்று பெண்ணின் தகப்பன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். கூரை போட்டு, சுவர் பூசி முடித்த குடும்பத்திடம் படக்காரருக்கென்று மிஞ்சுவது கொஞ்சம். அந்தக் குடும்பத்துக்காக வேலையைக் குறைக்கலாம்: அல்பத்தில் பக்கங்கள் குறையட்டும், இரண்டாவது கமெராக்காரர் வேண்டாம், தாலிகட்டோடு நிறுத்தலாம். நாள்கூலியைக் குறைத்தால் அதுவே அடுத்த சொந்தக்காரரிடமும் விலையாகிவிடும்.

2022ஐ மறக்கக் கூடாது. மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற பெற்றோல் ஜூனில் 470 ஆனது. தையில் விலை பேசி ஆவணியில் படமெடுக்க ஒப்புக்கொண்டவர்கள் அல்பத் தாளையும் பயணத்தையும் கையிலிருந்தே கட்ட வேண்டிய வருடம் அது. புதியவர்கள் அந்த நட்டத்தைத் தாங்கவே முடியாது.

ஆகவே விலையை வாயால் சொல்லி விடாதீர்கள். ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எத்தனை நாள் வேலை, எத்தனை படம், அல்பத்தின் அளவு, இந்த விலை எந்தத் திகதி வரை என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அல்பம் அச்சடிக்கும் செலவைத் தனி வரியில் போட்டு, அச்சுக்குக் கொடுக்கும் நாளின் விலைப்படி என்று முற்பணம் வாங்கும்போதே பேசிவிடுங்கள்.