ஏடு காத்த கதை – 11: எதை வேண்டாம் என்பது?

ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனால் எத்தனை லட்சம் புத்தகம் இருக்கிறது என்று விசாரிப்பது நம் வழக்கம். எனக்கு வேறொன்றைக் கேட்கத் தோன்றும்: இங்கே எதையெல்லாம் வேண்டாம் என்று சொல்வீர்கள்? “யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம்” என்று பதில் வந்தால், அங்கே ஒரு பொருளைச் சுற்றிச் சேர்த்த சிறப்புத் தொகுப்பு கிடையாது, மூட்டைகள்தான் இருக்கும்.

சென்ற வாரம் காலின் மெக்கன்சியோடு நிறுத்தினோம். இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான அவர் 1821இல் இறந்ததும், அவர் சேர்த்த சுவடி, கைபீது என்ற ஊர் வரலாற்றுக் குறிப்பு, வரைபடம் எல்லாவற்றையும் கிழக்கிந்தியக் கம்பெனி அவருடைய மனைவியிடமிருந்து ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. விலை பேசியவர்கள், வாங்கியது ஒரே இடத்தில் இருக்க வேண்டுமா என்று பேசவில்லை. ஒரு பங்கு லண்டனுக்குப் போனது, ஒரு பங்கு கல்கத்தாவில் தங்கியது, ஒரு பங்கு சென்னைக்குத் திரும்பியது. சென்னையில் ஓர் ஊரின் கைபீதைப் படிக்கிற ஆய்வாளர், அதே பயணத்தில் வரைந்த படத்தைப் பார்க்க பிரிட்டிஷ் நூலகத்துக்கு எழுதிப் போட வேண்டியிருக்கிறது. இருநூறு வருஷமாகியும் இந்தப் பிரிவினை தீரவில்லை.

இதற்கு நேர் எதிரான கதை செட்டிநாட்டுக் கோட்டையூரில் நடந்தது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாள் முழுவதும் அச்சுத் தாளாகச் சேர்த்தார். புத்தகம் மட்டுமல்ல, நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் கூட்டித் தள்ளியதெல்லாம் அவர் வீட்டில் அடுக்கில் ஏறியது. 1992இல் அவர் இறந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அந்தத் தொகுப்பை வாங்கியது.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் வாங்கியது என்றதும் கப்பலேறிவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஏறவில்லை. மூலம் தமிழ்நாட்டிலேயே இருக்கும், நுண்படச் சுருளில் எடுத்த படி மட்டும் சிகாகோவுக்குப் போகும் என்பது முடிவு. ‘மொழி’ என்ற அறக்கட்டளையின் துணையோடு தொகுப்பு சென்னைக்கு வந்தது. 1996இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகத் திறந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது. பட்டியல் போட ஆள், படம் எடுக்க ஆள், தாள் ஒட்ட ஆள் என்று இங்கேயே ஆட்கள் பழகினார்கள். பணத்தைப் பெரிய கட்டடத்தில் போடாமல் ஆட்களில் போட்டதுதான் அந்தத் திட்டத்தின் சாமர்த்தியம் என்பேன்.

முத்தையா எதையுமே வேண்டாம் என்று சொன்னவர் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். தனி மனிதர் ஆசைப்பட்டுச் சேர்க்கலாம். அவர் ஆசையே அந்தத் தொகுப்புக்கு எல்லை. நிறுவனத்துக்கு ஆசை கிடையாது. அதனால் எல்லையை யாராவது உட்கார்ந்து எழுதியாக வேண்டும்.

அந்த எல்லையை எழுதிப் பார்க்க ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஆரணிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட பெரணமல்லூர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரில் விற்கும் சேலைகளுக்குப் பின்னால் இப்படிச் சுற்றுப்பட்ட ஊர்களின் தறிகள் இருக்கின்றன. இந்த ஊர் இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக் கல்லூரிகள் 2002இல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. இந்தப் பல்கலைக்கழகம் போன்ற ஒன்று சிறப்புத் தொகுப்பு தொடங்க நினைத்தால் என்ன செய்யலாம்? ஓலைச்சுவடி தேடிக் கிளம்புவதுதான் பெருமை என்று பலருக்குத் தோன்றும். சுவடிக்குத் தஞ்சாவூரில் சரசுவதி மகால் இருக்கிறது, தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சென்னையில் அரசினர் கீழ்த்திசை நூலகமும் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. ஐந்தாவது ஆளாக அந்த வரிசையில் நிற்பதில் என்ன பயன்? பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் பக்கத்துத் தறிகளின் தாள்களைச் சேர்ப்போம், மற்றதை மரியாதையாக மறுப்போம் என்று ஒரு வரி எழுதினால், உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று கைக்கு வரும்.

தறிக்கு ஏது தாள் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பட்டுநூலும் ஜரிகையும் நெசவாளர் வீட்டுக்கு எடை போட்டுப் போகின்றன. நெய்த சேலை எடை போட்டுத் திரும்புகிறது. கொடுத்த எடை, வந்த எடை, கூலி, முன்பணம், பிடித்தம் எல்லாம் நோட்டில் ஏறும். கூட்டுறவுச் சங்கம் என்றால் உறுப்பினர் பதிவேடும் கூட்டத் தீர்மானங்களும் கூடுதல். இப்படிப்பட்ட சங்கங்களின் தலைமை அமைப்பான கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கியது. அந்தக் காலம் தொட்டு ஒரு தெருவின் வரவு செலவை இந்த நோட்டுகளில் படிக்கலாம். ஜரிகை விலை ஏறிய வருஷம் எந்த வீட்டில் தறி நின்றது என்பது எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் கிடைக்காது.

இன்னொன்று டிசைன். கட்டம் போட்ட தாளில் பார்டரையும் புட்டாவையும் வண்ணத்தில் நிரப்புவார்கள். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். துளை இருக்கும் இடத்தில் பாவு நூலைத் தூக்கும் கொக்கி எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. ஊடை ஒவ்வொரு தரம் ஓடவும் ஓர் அட்டை. பிரான்ஸின் லியோன் நகரில் 1804இல் ஜக்கார்டு என்பவர் கண்டுபிடித்த முறை அடிப்படையில் இன்றும் அதுதான். அட்டைகளை வரிசையாக நூலால் கோத்திருப்பார்கள். இப்போது டிசைனைக் கம்ப்யூட்டரில் போடுகிறார்கள், பழைய அட்டை விறகோடு விறகாகப் போகிறது.

ஆவணக் காப்பாளர்களுக்கு ஓர் அடிப்படை விதி உண்டு: தாள் வந்த வரிசையைக் கலைக்காதே. கடிதக் கட்டு ஒன்றைத் தேதிவாரியாக அழகாக அடுக்கிவிட்டால், எழுதியவர் எதை எதோடு சேர்த்து வைத்தார் என்ற செய்தி போய்விடும். இதை மாணவர்களுக்கு விளங்க வைக்க ஆசிரியர்கள் படாதபாடு படுவார்கள். ஜக்கார்டு அட்டையைக் கையில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும். கோத்த நூல் அறுந்து, அட்டையில் எண்ணும் இல்லாமல் போனால், மிஞ்சுவது துளை போட்ட காகிதம். மயில் எங்கே, மாங்காய் எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. வரிசையே அங்கே உள்ளடக்கம்.

காகிதம் இதோடு நிற்பதில்லை. பெரணமல்லூர் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2006 தேர்தலே அதற்குக் கடைசி. தொகுதி மறுவரையறையில் பெயரே மறைந்தது. அந்தத் தொகுதியின் பிட் நோட்டீஸ்களை யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா? முத்தையா உள்ளூர்க்காரராக இருந்திருந்தால் வைத்திருப்பார். நம் எல்லை தறி என்று வகுத்துவிட்டதால் தேர்தல் நோட்டீஸை மறுக்க வேண்டியதுதான். ஆனால் நெசவாளர் கூலியைப் பற்றிப் பேசிய நோட்டீஸ் உள்ளே வரலாம். எல்லை போட்டால் இப்படிப்பட்ட வழக்கு தினமும் வரும். தீர்ப்புச் சொல்ல நூலகருக்கு அதிகாரம் எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, வந்த மூட்டையை என்ன செய்வது? அமெரிக்காவில் மார்க் கிரீன், டென்னிஸ் மெய்ஸ்னர் என்ற இருவர் 2005இல் எழுதிய கட்டுரை ஒன்று காப்பகத்துறையைக் கலக்கியது. ஒவ்வொரு தாளையும் நீவி, பின்னைக் கழற்றி, தனித்தனியாகப் பட்டியலிட்டுக்கொண்டிருந்தால் பிரிக்காத பெட்டிகள் கூரை தொடும். முதலில் மொத்தத்துக்கும் மேலோட்டமாக ஒரு பட்டியல் போட்டு ஆய்வாளருக்குத் திறந்துவிடுங்கள் என்றார்கள். எனக்கு இதில் முக்கால் பங்கு சம்மதம். பின் விஷயத்தில் மட்டும் இல்லை. குளிரூட்டிய அறையில் பின் அப்படியே கிடக்கலாம். செய்யாற்றுப் பக்கத்து வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் அது துருப்பிடித்துத் தாளைத் தின்னும். கரையானும் ராமபாணப் பூச்சியும் வேறு காத்திருக்கின்றன. பின்னைக் கழற்றிவிட்டு மற்றதில் அந்த இருவர் சொன்னபடி செய்யலாம்.

இந்தப் பட்டியலை மறந்துவிட்டு, ஸ்கேனர் வாங்குவதைத்தான் திட்டம் என்று பல நிறுவனங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன. கருவிக்கு ஒரு முறை நிதி கிடைக்கும், போட்டோ எடுத்துப் போடலாம், சால்வை போர்த்தலாம். பட்டியல் போடுகிறவருக்கு மாதா மாதம் சம்பளம் வேண்டும். அதற்கு யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள். பட்டியல் இல்லாத படக்கோப்பு, பெயர் எழுதாத மூட்டையைவிட மோசம்.

படி எடுப்பது அவசியம்தான், சந்தேகமில்லை. 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாதவை அதோடு போயின. பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய அழிவுநிலை ஆவணத் திட்டம், மூலம் அந்த நாட்டை விட்டு வெளியேறக் கூடாது, படி மட்டும் பரவலாம் என்று விதி வைத்திருக்கிறது. இதை இன்னும் ஒரு படி கீழே இறக்க வேண்டும் என்பது என் கட்சி: மூலம் அந்த ஊரை விட்டே வெளியேற வேண்டியதில்லை. வீட்டுக்காரர் சம்மதித்தால் நோட்டு அவர் பீரோவிலேயே இருக்கட்டும். பல்கலைக்கழகம் படியும் பட்டியலும் வைத்துக்கொள்ளட்டும், வருஷத்துக்கு ஒருமுறை ஆள் அனுப்பிப் பார்த்து வரட்டும்.

சம்மதம் எளிதில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. டிசைன் ஒருவருடைய பிழைப்பு. இன்று நூலகத்தில் கொடுத்தால் நாளை விசைத்தறியில் ஓடும் என்ற பயம் வீண் பயமல்ல. கைத்தறிக்கு ரகம் ஒதுக்கி 1985இலேயே சட்டம் போட வேண்டி வந்தது எதனால்? முன்பணக் கணக்கிலோ இன்னும் உயிரோடிருப்பவர்களின் கடன் இருக்கிறது. எந்தத் தாளை எத்தனை வருஷம் பூட்டி வைப்பது, யார் பெயரை மறைப்பது என்பதைக் கொடுப்பவரோடு உட்கார்ந்து எழுதிக் கையெழுத்து வாங்காத தொகுப்பு, ஒருநாள் அந்த ஊர்க்காரர்களையே எதிராளி ஆக்கிக்கொள்ளும்.

திட்டம் வரும்போது வரட்டும். அதுவரை, வீட்டில் தறி ஓடிய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய அட்டைக் கட்டு இருந்தால் கோத்த நூலை அறுக்காதீர்கள். அறுந்திருந்தால் இருக்கிற வரிசையிலேயே பென்சிலால் எண் போடுங்கள். கிழிந்த நோட்டில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். யாருடைய கணக்கு, எந்த வருஷம் என்பதை ஒரு தனித் துண்டில் எழுதி உள்ளே வையுங்கள். பிறகு பழைய பேப்பர் கடையில் கிலோ என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன், பக்கத்துக் கல்லூரி நூலகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.