தயிரும் மலச்சிக்கலும்

விருந்தாயினும் அன்றாட உணவாயினும், இறுதியில் ஒரு கரண்டி தயிரோ ஒரு குவளை மோரோ இல்லாவிடின் உண்ட திருப்தி நம்மவர்க்கு ஏற்படுவதில்லை. மட்டக்களப்பு எருமைத் தயிரின் பெருமையை அறியாதார் யார்? “தயிர் உண்பவனுக்கு மலச்சிக்கல் இல்லை” என்று வீட்டிலுள்ள பெரியோர் கூறுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இவ்வெண்ணம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்திற் பணியாற்றியவரும், 1908ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றவருமான உருசிய விஞ்ஞானி எலி மெச்னிக்கோவ், பெருங்குடலில் வாழும் அழுகற் கிருமிகளின் நஞ்சே முதுமையை விரைவுபடுத்துகிறது என்று கருதினார். பல்கேரியக் குடியானவர்கள் நீண்ட காலம் வாழ்வதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்பது அவர் முடிவு. அப்பாலிலுள்ள கிருமியை 1905ஆம் ஆண்டில் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய இளைஞர் கண்டறிந்திருந்தார். மெச்னிக்கோவ் தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 1916ஆம் ஆண்டில், தமது 71ஆம் வயதில் இருதய நோயினாற் காலமானார்.

பல்கேரியக் கிருமி மனிதக் குடலில் நிலைகொள்வதில்லை என்பதைப் பின்வந்த ஆய்வாளர் கண்டனர். அது வழிப்போக்கனைப் போலச் சில நாள் தங்கிச் செல்வது. உண்பதை நிறுத்தினால் அதுவும் மறைந்துவிடும். ஆயினும், குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நம் உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற அவருடைய அடிப்படைக் கருத்து இன்று உறுதி பெற்றிருக்கிறது.

அப்படியாயின் தயிரால் விளையும் நன்மை யாது? பால் தயிராகும்போது கிருமிகள் பாற்சர்க்கரையின் ஒரு பகுதியைப் புளிப்பமிலமாக மாற்றுகின்றன. எஞ்சியதைச் சீரணிப்பதற்கும் துணை செய்கின்றன. பால் அருந்தினால் வயிறு பொருமுகின்றது என்போர் பலர் தயிரை இடரின்றி உண்பதற்குக் காரணம் இதுவே. புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தயிரில் நிறைந்துள்ளன. ஆனால் உயிருள்ள கிருமிகள் வேண்டுமாயின் தயிரைக் கொதிக்க வைத்தலாகாது. கொதித்தால் அவை மடிந்துவிடும்.

மலச்சிக்கலைப் பொறுத்தவரை தயிர் சிலருக்கு ஓரளவு உதவக்கூடும். ஆனால் அது மருந்தன்று. மலத்தை இளக்கி முன்தள்ளுவது நார்ச்சத்து. தயிரிலோ நார்ச்சத்து இல்லை. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அவித்த கடலை 100 கிராமில் 7 கிராமுக்கு மேலும், கொய்யாப்பழம் 100 கிராமில் ஏறத்தாழ 5 கிராமும் உள்ளது. தவிட்டரிசி, குரக்கன், கீரை, பயறு ஆகியவற்றை உண்டு, போதிய நீர் பருகி, நாள்தோறும் நடந்து வருபவர்க்குத் தயிர் நல்ல துணை. இவற்றை விடுத்து, தீட்டிய வெள்ளரிசிச் சோற்றுடன் தயிரை மட்டும் சேர்த்து உண்பவர் பயன் காணமாட்டார். கித்துள் பாணியை நிறைய வார்த்து உண்பதில் இனிப்பே மிகுதி என்பதையும், நீரிழிவு உள்ளோர் அதனைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

வேறொரு தவறான எண்ணத்தையும் களைதல் அவசியம். நாள்தோறும் மலங் கழியாவிடில் நோய் என்று பலர் அஞ்சுகின்றனர். நாளொன்றுக்கு மூன்று முறை முதல் வாரத்திற்கு மூன்று முறை வரை கழிவது இயல்பேயாம். பாடசாலை விடுமுறை வந்ததும் பிள்ளைகளைப் பிடித்து ஆமணக்கெண்ணெய் புகட்டிப் பேதிக்குக் கொடுத்த காலத்தை முதியோர் நினைவுகூர்வர். அத்தகைய வழக்கம் இன்று தேவையில்லை.

இறுதியாக, இல்லறத்தார் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நடுவயது கடந்த ஒருவருக்கு மலங்கழியும் வழக்கம் திடீரென மாறினாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, சோகை தோன்றினாலோ, “தயிர் சாப்பிட்டால் சரியாகும்” என்று நாட்களைக் கடத்துதல் பெருந்தீங்காக முடியலாம். பெருங்குடற் புற்றுநோயின் அறிகுறிகளாகவும் இவை இருக்கக்கூடும். காலத்தோடு கண்டறிந்தால் குணப்படுத்துவதும் எளிதாகும். நாணத்தாலும் அச்சத்தாலும் இவற்றை மறைப்பவர் நம் வீடுகளில் உளர். தந்தையாயினும் தாயாயினும், கனிவாகப் பேசி வைத்தியரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.

தயிர்ச் சட்டி நம் வீட்டில் என்றும் இருக்கட்டும். அதனருகே கீரையும் பழமும் நீர்க்குவளையும் இருக்கட்டும். வைத்தியர் செய்ய வேண்டியதை மட்டும் தயிரிடம் எதிர்பாராதிருப்போம்.