பலகைக்கு மெத்தை வந்த கதை! இடுப்பு வலித்த 100 வருடம்

தூத்துக்குடிக்கு ரெயில் வந்தது 1876-ல். கொழும்புக்குப் போகும் 'போட் மெயில்' 1914 வரை இங்கேதான் வந்து நின்றது. கப்பலேறப் போன ஏழைகளுக்கு மூன்றாம் வகுப்பு. உட்கார வெறும் மரப்பலகை! ராத்திரி முழுக்க உட்கார்ந்து வந்தால் இடுப்பு கழன்றுவிடும். துரைமார்களின் முதல் வகுப்பிலோ மெத்தை. 1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது அப்படிப்பட்ட முதல் வகுப்புப் பெட்டியில்தான்.

1974-ல் மூன்றாம் வகுப்பு ஒழிந்தது. போனது பெயர்தான், பலகை போகவில்லை!

1977-ல் ரெயில்வே மந்திரியான மது தண்டவதேதான், இரண்டாம் வகுப்பு தூங்கும் பலகைகளுக்கு 2 அங்குல மெத்தை போட வைத்தார். அந்த டிசம்பரில் பம்பாய்-ஹவுரா கீதாஞ்சலி எக்ஸ்பிரசுக்கு முதல் யோகம்.

தினமும் வேலைக்குப் போகிறவர்கள் ஏறும் பாசஞ்சர் வண்டிகளில்? அதற்குப் பிறகும் பல வருடம் பலகைதான்!