உருகி ஒட்டும் பசை

அரக்கு என்றவுடன் நம்மில் பலருக்குப் பாண்டவர்களின் அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். பொற்கொல்லரின் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கோ வேறொன்று நினைவுக்கு வரும். உட்கூடான நகைக்குள் அவர் அரக்கை உருக்கி நிரப்புவார். அது ஆறி இறுகி, மெல்லிய தகடு நசுங்காமல் தாங்கி நிற்கும். பழைய நகையை விற்கப் போனால் கடைக்காரர் "அரக்கு எடை கழித்து" என்று கணக்குப் போடுகிறாரே, அந்த அரக்குதான். கத்தியின் அடிமுனையை மரப்பிடிக்குள் இறுக்குவதற்கும், பார்சலின் முடிச்சு மேல் முத்திரை வைப்பதற்கும் உதவுவது இதுவே.

இந்த வேலைகள் எல்லாவற்றிலும் நிகழ்வது ஒன்றுதான். சூடேற்றினால் பொருள் பாகாகி ஓடுகிறது. ஆறினால் இறுகிப் பிடிக்கிறது. கோந்தில் நடப்பதுபோல் நீர் உலர்ந்து போவதில்லை. எப்பாக்சிப் பசையில் நடப்பதுபோல் இரண்டு பொருள்கள் கூடி வேதிவினை நிகழ்வதுமில்லை. வெறும் நிலைமாற்றம். ஆகவே மறுபடி சூடேற்றினால் பிடி விட்டுவிடும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவதில் பாதி தானே விளங்கிவிடும்.

அரக்கு, புரசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். ஏறக்குறைய 70 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். இதை ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற ஊரில் 1924ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று எழுதுபொருள் கடைகளில் 'குளூ ஸ்டிக்' என்ற பெயரில், மெழுகுவர்த்தி போல் மங்கலான வெள்ளைக் குச்சிகளாக விற்பது அரக்கின் நவீனத் தம்பி எனலாம். அதன் முதன்மைப் பொருள் எத்திலீன்-வினைல் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக். அது வலிமை தருகிறது. உடன் கலக்கப்படும் பிசின் ஒட்டும் குணத்தையும், மெழுகு எளிதில் ஓடும் தன்மையையும் தருகின்றன. நோட்டுப் புத்தகங்களைத் தைக்காமல் முதுகில் பசையிட்டு அட்டை போடும் இயந்திரங்களிலும் பெரும்பாலும் இவ்வகைப் பசைதான் உருகிக் கொண்டிருக்கிறது.

குச்சியை உருக்கும் கருவி 'குளூ கன்'. பார்வைக்கு விளையாட்டுத் துப்பாக்கி போல் இருக்கும். உள்ளே நல்ல பௌதிகம் இருக்கிறது. மலிவான கருவிகளில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தத் தனி உறுப்பு எதுவும் கிடையாது. அப்படியானால் 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஏன் சூடேறிக்கொண்டே போய் எரிந்துவிடவில்லை? சூடேற்றும் வில்லை பேரியம் டைட்டனேட் என்னும் பீங்கான் வகையால் ஆனது. குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டியதும் இதன் மின்தடை பல நூறு மடங்கு, ஏன், ஆயிரம் மடங்குகூட உயர்ந்துவிடும். தடை உயர்ந்தால் மின்னோட்டம் குறையும், சூடும் குறையும். ஆறினால் தடை இறங்கி மறுபடி சூடேறும். தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் அடுப்பு! நம் வீட்டுச் சமையல் அடுப்புக்கு இந்தப் புத்தி இல்லை.

வாங்கும்போது குச்சியின் விட்டத்தைப் பாருங்கள். சிறிய கருவிக்கு 7 மி.மீ., பெரியதற்கு 11 மி.மீ. குச்சி வேண்டும். மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, அல்லது உருகிய பசை பின்பக்கமாக வழியும். அடுத்தது வெப்பநிலை. குறைந்த வெப்பக் கருவி சுமார் 120 டிகிரியிலும், உயர் வெப்பக் கருவி 190 டிகிரியை ஒட்டியும் வேலை செய்யும். தெர்மோகோல் 100 டிகிரி அளவிலேயே இளகிச் சுருங்கிவிடும். எனவே அதற்குக் குறைந்த வெப்பக் கருவியே ஏற்றது. அதிலும், பசையை முதலில் அட்டையில் இட்டுச் சற்றுப் பொறுத்துப் பின் தெர்மோகோலை அதன்மேல் வைத்து அழுத்துவது நல்லது. பிள்ளைகளின் கைக்கும் குறைந்த வெப்பக் கருவியே தகும் என்பது என் கருத்து. விலை வேறுபாடு பெரிதல்ல.

ஒட்டுதல் என்பது நனைத்தலில் தொடங்குகிறது. உருகிய பசை பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களில் இறங்கிப் படர வேண்டும். மரமும் அட்டையும் துணியும் இதற்கு நல்லவை. உலோகமோ வெப்பத்தைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால், பசை படருமுன்பே உறைந்து, பிறகு தோல் உரிவதுபோல் உரிந்து வரும். உலோகத் துண்டைச் சிறிது நேரம் வெயிலில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு ஒட்டிப் பாருங்கள், வேறுபாடு தெரியும். பாலித்தீனில் இது ஒட்டாது. தாமரை இலைமேல் நீர் போல் பசை அதை நனைக்க மறுக்கிறது.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் கரையோரம் வசிப்போருக்கு இன்னொரு தொல்லை உண்டு. கடற்காற்று பொருள்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலத்தை விட்டுச் செல்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். அந்த ஈரத்தின்மேல் ஊற்றிய பசை எதையும் பிடிக்காது. கரையில் பொறுக்கிய சிப்பி, சங்குகளை நல்ல நீரில் கழுவி நன்றாக உலர்த்திய பிறகே ஒட்ட வேண்டும்.

கோடைக்கும் இந்தப் பசைக்கும் ஆகாது. அக்கினி நட்சத்திர வெயிலில் கதவடைத்து நிற்கும் காருக்குள் வெப்பநிலை 60 டிகிரியைத் தொடும். கண்ணாடிக்கு அடியில் அதற்கும் மேல். பசை முழுதும் உருகாவிட்டாலும் இளகி மெல்ல நகரத் தொடங்கும். காரில் ஒட்டிய பிள்ளையார் சாய்ந்துபோவதற்குக் காரணம் இதுவே. சுமை தாங்கும் இடம், வெயில் படும் இடம் இவற்றில் எப்பாக்சியோ திருகாணியோதான் சரி.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். கல்பாக்கம் அணுசக்தி ஊழியர் குடும்பங்கள் வாழும் அணுபுரத்தில், பள்ளிக் கண்காட்சி நெருங்கினால் வீட்டுக்கு வீடு தெர்மோகோல் அணு உலைகள் எழும்பும். எனக்குத் தெரிந்த வீடொன்றில் ஒன்பதாம் வகுப்புப் பெண் கடற்கரைக் கோயில் மாதிரி செய்யும்போது ஒரு சொட்டுப் பசை விரலில் விழுந்தது. பதறிய அவள் உடனே பிய்த்தெறிந்தாள். பசையோடு தோலும் வந்துவிட்டது. தேர்வுக்குப் பேனா பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று.

ஒரு சொட்டு இவ்வளவு செய்யுமா? கணக்குப் பார்ப்போம். 180 டிகிரியில் உள்ள ஒரு கிராம் பசை 40 டிகிரிக்கு ஆறும்போது ஏறத்தாழ 300 ஜூல் வெப்பத்தை விடுகிறது. ஒரு கிராம் கொதிநீர் விடுவது 250 ஜூல். பெரிய வேறுபாடில்லை. ஆனால் கொதிநீர் வழிந்து ஓடிவிடும். பசை ஓடாது, அங்கேயே ஒட்டிக்கொண்டு கடைசி ஜூல் வரை தோலுக்குள் இறக்கும். பசை வெப்பத்தை அரிதாகவே கடத்துவதால் மேல்பரப்பு வெளுத்து ஆறியதுபோல் தோன்றினாலும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். தடிமன் இரு மடங்கானால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். விரலால் தொட்டு அழுத்திப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்து என்பது இதிலிருந்து தெரியும்.

எனவே பசை தோலில் பட்டால் பிய்க்காதீர்கள். உடனே குழாய் நீரில் காட்டி, 20 நிமிடம் ஓடவிடுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். பற்பசை, மை, மஞ்சள், பனிக்கட்டி எதுவும் வேண்டாம். தானாகக் கழன்று வராத பசையை மருத்துவரே எடுக்கட்டும்; கொப்புளம் பெரிதானாலும், முகத்திலோ கண்ணிலோ பட்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வேலை தொடங்குமுன்பே பக்கத்தில் ஒரு கிண்ணம் நீர் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

கருவியை அதன் கம்பித் தாங்கியில், மூக்கு கீழ்நோக்க, ஓடு அல்லது பீங்கான் தட்டின்மேல் நிறுத்துங்கள். படுக்கவைத்தால் பசை பின்னோக்கி ஓடி உள்ளே அடைத்துக்கொள்ளும். பாதி உருகிய குச்சியைப் பின்பக்கமாக இழுக்கவும் கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள். வினிகர் போன்ற நெடி வந்தால் பசை மிகையாகக் காய்ந்து சிதைகிறது என்று பொருள், உடனே இணைப்பை எடுத்துவிட வேண்டும். மின்கம்பியின் உறை கிழிந்த கருவியை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டிக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் காண்கிறேன். நூற்றைம்பது ரூபாய்ப் பொருளுக்காக இது தேவையா?

பாவாடையிலோ சட்டையிலோ பசை சிந்திவிட்டதென்றால் துணியைக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு மணி நேரம் வையுங்கள். குளிரில் பசை விறைத்துப் போவதால் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும்.