வளர்ப்புப் பிள்ளைக்கு வம்சம் தெரியட்டும்



வளர்ப்பு மகளுக்கு நிக்காஹ் பேசும் ஓர் உம்மா சென்ற மாதம் அலுவலகம் வந்தார். "பெத்தவங்க யாருன்னு கேக்குறா. சொன்னா எங்கள விட்டுப் போயிடுவாளோ?" என்று கண் கலங்கினார்.

ஸைது இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாறே இதற்கு விடை. சிறு வயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர் அவர். தந்தை ஹாரிஸா தேடி மக்கா வந்தபோது, யாருடன் இருப்பது என்ற முடிவை நபி (ஸல்) அவர்கள் ஸைதிடமே விட்டார்கள். அவர் நபியவர்களையே தேர்ந்தெடுத்தார். 'முஹம்மதின் மகன்' என்றே அழைக்கப்பட்டார். பின்னர் அல்குர்ஆன் 33:5 வசனம் இறங்கியதும் 'ஹாரிஸாவின் மகன்' என்ற பெயர் திரும்பியது. பாசம் குறையவில்லை.

வம்சம் தெரியாவிட்டால் மணக்கக்கூடாத இரத்த உறவையோ பால்குடி உறவையோ அறியாமல் மணக்க நேரலாம். நிக்காஹ்வுக்கு வலீ யார் என்பதிலும் குழப்பம் வரும்.

உறவினர் வீட்டுப் பிள்ளையானால் பெற்றோர், பாட்டனார், உடன்பிறந்தோர், பாலூட்டியவர் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். சட்டப்படி தத்தெடுத்த பிள்ளையானால், 18 வயது நிறைந்தபின் மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்திடம் (CARA) தானே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் வளர்ப்புப் பெற்றோருடன் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் கேட்க முடியாது. பெற்றவரின் அந்தரங்கத்தையும் சட்டம் காக்கிறது.

அந்த உம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஊரார் வாயால் கேட்கும் முன் உங்கள் வாயால் சொல்லுங்கள். அல்லாஹ் எளிதாக்குவானாக, ஆமீன்.